நெடுந்தீவுக்கு மேற்கே ஒரு பெருவட்டம்

கச்சதீவைப் பற்றித் தமிழில் அச்சான பக்கங்களை விரித்துப் போட்டால் அந்த 285 ஏக்கரையும் மூடிவிடலாம். இராமநாதபுரம் சேதுபதிகளின் உரிமை, அந்தோனியார் கோயில் திருவிழா, தமிழகச் சட்டமன்றத் தீர்மானங்கள், கொழும்பின் பதில்கள் எல்லாம் அலுக்குமளவுக்கு எழுதப்பட்டுவிட்டன. ஆனால், 1974 யூன் 26ஆம் திகதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 28ஆம் திகதி புதுடில்லியில் இந்திரா காந்தியும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் முதலாவது பிரிவை ஊன்றிப் படித்தவர்கள் மிகக் குறைவு. அதில் அரசியல் இல்லை. ஆறு புள்ளிகளின் அகலாங்கு, நெட்டாங்கு மட்டுமே உண்டு. அந்த ஆறு புள்ளிகளையும் வரிசையாக இணைக்கும் பெருவட்ட விற்களே இரு நாடுகளின் எல்லை என்கிறது அப்பிரிவு. இரண்டாவது பிரிவுக்கு வந்தால், அதே விற்களை நேர்கோடுகள் என்று குறிப்பிடுகிறது.

வில் எப்படி நேர்கோடாகும்? சட்டம் வரைந்தவர்கள் கவனக்குறைவாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வளைந்த பரப்பில் நேர்கோடு என்று ஒன்று இருக்குமானால் அது பெருவட்ட வில்தான். புவியின் மையத்தின் ஊடாகச் செல்லும் தளம் புவிப்பரப்பை வெட்டும் வட்டமே பெருவட்டம். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது கோளத்தின் மேல் படிந்து நிற்கும் வழி அதுவே. இந்தச் சிறிய கருத்திலிருந்துதான் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை முளைத்தது. எங்கோ பேர்லினில் எழுதப்பட்ட சமன்பாடுகளுக்கும் நெடுந்தீவுக் கடற்றொழிலாளியின் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இந்த வரலாற்றை எழுதுகிறேன். சம்பந்தம் உண்டு. அது ஒருவருடைய படகு பறிபோவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு நெருக்கமானது.

முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்போம். முதலாவது புள்ளி வட அகலாங்கு 10 பாகை 5 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 3 கலை. அது பருத்தித்துறைக்கு வடமேற்கே நடுக்கடலில் இருக்கிறது. அங்கிருந்து கோடு மேற்கே போய், பின் தென்மேற்கே இறங்கி, நெடுந்தீவுக்கு மேற்கே இருபது கிலோமீற்றர் அளவில் தென்கிழக்காகத் திரும்பி, கச்சதீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிச் சென்று, ஆதாம் பாலத்தருகே முடிகிறது. கடலோடிகள் பயன்படுத்தும் மெர்கேற்றர் வரைபடத்தில் முதலிரு புள்ளிகளையும் அடிமட்டம் வைத்து இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். பெருவட்ட வில் அக்கோட்டிலிருந்து வடக்கே சற்றுப் புடைத்திருக்கும். எவ்வளவு? ஐம்பத்துமூன்று கிலோமீற்றர் நீளமுள்ள அந்தத் துண்டில், நடுவில், ஏறத்தாழ 9 மீற்றர். கச்சதீவை ஒட்டிய துண்டில் 2 மீற்றர்கூட வராது. ஓர் இழுவைப்படகின் நீளத்துக்கும் குறைவான இந்தப் புடைப்புக்காகவா பெருவட்டம் என்று எழுதினார்கள் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கோடு என்று எழுதிவிட்டால் எந்தக் கோடு என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது கோடே அல்ல.

இதே கடலில் இதற்கு முன்னும் சட்டம் இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மீதி உடையவனுக்கு. மற்றைய வாணிகச் சரக்கு ஏற்றிய கலமானால் செம்பாதி. சிங்கள அரசன் தமிழில் வெட்டுவித்த இக்கல்லில் துறை இருக்கிறது, கலம் இருக்கிறது, சரக்கு இருக்கிறது. கடலின் நடுவில் கோடு மட்டும் இல்லை. அப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கும் வழி அன்று எவரிடமும் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கோடு போடும் முதல் முயற்சி 1921 ஒக்டோபரில் கொழும்பில் நடந்தது. சென்னை மாகாண அரசின் குழுவும் இலங்கை அரசின் குழுவும் கூடி, கச்சதீவுக்கு மூன்று மைல் மேற்கே செல்லும் மீன்பிடி எல்லை ஒன்றுக்கு உடன்பட்டன. அது உறுதிசெய்யப்படாமலே போயிற்று. சரியாக ஓராண்டு கழித்து, 1922 ஒக்டோபர் 28ஆம் திகதி, அதே கொழும்பில் ஒரு ஜப்பானியக் கப்பலிலிருந்து ஒரு ஜெர்மன் பயணி இறங்கி நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அவரைப் பற்றிப் பின்னர்.

தீவகத்தாருக்குக் கடலின் வளைவைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறியவர்கள் அறிவார்கள்: முதலில் பனை வட்டுகள் தெரியும், அவை நீரில் மிதப்பவை போலிருக்கும், பிறகுதான் அவற்றின் காலடியில் கரை எழும். கண்மட்டம் கடலுக்கு 2 மீற்றர் மேலே இருந்தால் அடிவானம் 5 கிலோமீற்றரில் வந்துவிடுகிறது. 20 மீற்றர் உயரமான பனையின் தலையை 20 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் காணலாம். (அந்தப் படகுப் பாதையில் ஓடிய குமுதினியின் பெயரைச் சொன்னதும் 1985 மே 15 நினைவுக்கு வராத தீவார் இல்லை. அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.)

இது வெளியிலிருந்து பார்த்து அறியும் வளைவு. கேத்திரகணிதம் - தமிழ்நாட்டார் வடிவியல் என்பர் - இன்னொரு வழியைக் காட்டுகிறது. நெடுந்தீவு, இராமேஸ்வரம், கோடிக்கரை மூன்றையும் பெருவட்ட விற்களால் இணைத்து ஒரு முக்கோணம் வரைவதாகக் கொள்வோம். பரப்பு 1500 சதுர கிலோமீற்றர் அளவில் வரும். பள்ளியில் படித்தபடி அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாக இருக்க வேண்டும். இருக்காது. ஏறத்தாழ 8 விகலை கூடுதலாக இருக்கும். ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு விகலை. புவிப்பரப்பில் ஒவ்வொரு 197 சதுர கிலோமீற்றருக்கும் ஒரு விகலை வீதம் முக்கோணம் கொழுத்துக்கொண்டு போகும். இதைக் கோள மிகை என்பார்கள். வானத்தில் ஏறிப் பார்க்கத் தேவையில்லை, கப்பல் மறைவதைப் பார்க்கவும் தேவையில்லை. மூன்று கோணங்களை நுட்பமாக அளந்தாலே நாம் நிற்கும் பரப்பு வளைந்தது என்று தெரிந்துவிடும்.

தமிழ் மண்ணில் இதைச் செய்துகாட்டியவர் வில்லியம் லாம்ரன். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து அவர் தொடங்கிய பணியே பின்னர் இந்தியப் பெரும் முக்கோண அளவையாக விரிந்தது. அரை தொன் எடையுள்ள கோணமானியைக் கோபுரங்களின் மேல் ஏற்றி அளந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அக்கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது; லாம்ரன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார். நாட்டைப் பிடித்த கும்பனியாருக்கு வரி வாங்க வரைபடம் தேவைப்பட்டது உண்மை. லாம்ரனுக்கோ புவியின் வடிவமே வேட்கை. அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்துத் தந்த நீள்கோளத்தை வைத்துத்தான் இந்தியாவும் இலங்கையும் நெடுங்காலம் தம் வரைபடங்களைத் தீட்டின. அந்த நீள்கோளத்தை மறந்துவிட வேண்டாம். கடைசியில் அது மீண்டும் தேவைப்படும்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில், ஹனோவர் நாட்டை முக்கோணங்களால் அளந்துகொண்டிருந்த காஉஸ், 1827இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஒரு பரப்பின் வளைவை, அப்பரப்பை விட்டு வெளியே போகாமலே, அதன்மேல் எடுக்கும் அளவைகளைக் கொண்டே முழுமையாக அறியலாம் என்பது அதன் சாரம். அவருடைய மாணவர் ரீமான் 1854 யூன் 10ஆம் திகதி கோத்திங்கனில் நிகழ்த்திய உரையில் ஒரு படி மேலே போனார்: பரப்புக்குப் பொருந்துவது வெளிக்கும் பொருந்தாதா? நாம் வாழும் இந்த முப்பரிமாண வெளியே வளைந்திருக்கலாம் அல்லவா? வெளியை விட்டு வெளியே போய்ப் பார்க்க எவராலும் முடியாது. உள்ளிருந்தே அளந்துதான் அறிய வேண்டும். அறுபது ஆண்டுகள் அந்தக் கேள்வி கணிதப் பேராசிரியர்களின் அலமாரியில் கிடந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் அதற்குப் பௌதிக விடை சொன்னார். பொருள் இருக்கும் இடத்தில் வெளியும் காலமும் சேர்ந்தே வளைகின்றன. கோள்களும் ஒளியும் அந்த வளைவில் தமக்குரிய நேர்வழியில் செல்கின்றன. அந்த நேர்வழியைத்தான் நாம் இதுவரை ஈர்ப்பு விசை என்று சொல்லிவந்தோம். உடன்படிக்கையின் முதலிரு பிரிவுகளில் வில்லும் நேர்கோடும் ஒன்றானது போல.

ஞாயிற்றின் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலகும் என்பது அவருடைய கணக்கு. நெடுந்தீவு - இராமேஸ்வரம் - கோடிக்கரை முக்கோணத்தின் மிகை அதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அளவு சிறியது என்பதால் வந்த சிக்கல் அன்று. ஞாயிற்றுக்கு அருகில் விண்மீனைப் பார்ப்பது எப்படி என்பதே சிக்கல். முழு ஞாயிற்று மறைப்பின்போது மட்டுமே அது கூடும்.

அப்படி ஒரு முழு மறைப்பின் நிழல் 1871 டிசம்பர் 12ஆம் திகதி காலையில் பேக்கல் கோட்டை, உதகமண்டலம், புதுக்கோட்டை வழியாக வந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி, தீவகத்தையும் யாழ்ப்பாணத்தையும் மூடி, திருகோணமலையில் இறங்கிற்று. இங்கிலாந்திலிருந்து நோர்மன் லொக்கியர் தலைமையில் வந்த குழு பேக்கலில் தங்கியது; அதன் ஒரு பிரிவு யாழ்ப்பாணத்தில் கருவிகளை நிறுத்தி ஞாயிற்றின் ஒளிவளையத்தை ஒளிப்படம் எடுத்தது. பக்கத்தில் இருந்த விண்மீன்களை எவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தக் காரணமும் இல்லை. ஐன்ஸ்டீன் பிறக்க இன்னும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. கேள்வி பிறக்காத காலத்தில் விடை தலைக்கு மேலே வந்து போவது வானியலில் அடிக்கடி நிகழ்வதுதான்.

அந்த நிழல் காரைதீவைக் கடந்தபோது அவ்வூரில் பிறந்த ஒரு சிறுவனுக்கு ஆறு வயது. காரைதீவு என்பது இன்றைய காரைநகர். 1865இல் பிறந்த சுப்பிரமணியம் அம்பலவாணர், பின்னாளில் அலன் ஆபிரகாம் என்று அறியப்பட்டு, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1910இல் ஹலியின் வால்வெள்ளி வந்தபோது அதன் போக்கைக் கணித்துச் சொன்னவர் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசப்படுபவர் அவர். இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார். தீவகத்து வானியலுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அது அவருடைய முகம்தான். கோயிற் பஞ்சாங்கமும் மிஷன் கல்லூரிக் கணிதமும் ஒரே ஊரில் அருகருகே இருந்த காலத்தில் வளர்ந்தவர். நம்மவர்கள் அவருக்கு ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு எழுதாதது பெருங்குறை.

1919 மே 29ஆம் திகதி மறைப்பில், எடிங்ரன் ஆபிரிக்கக் கரையோரப் பிரின்சிப்பித் தீவிலும் மற்றொரு குழு பிரேசிலின் சொப்ராலிலும் எடுத்த படங்கள் ஐன்ஸ்டீனின் எண்ணுக்கு அருகில் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி இலண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஐன்ஸ்டீன் உலகப் புகழ் பெற்றார். 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சத்தியேந்திரநாத் போசும் மேகநாத் சாகாவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக்கியது. கோடைக்கானல் வான்நோக்ககத்தில் அதன் இயக்குநர் ஜோன் எவர்செட், ஞாயிற்று ஒளியின் நிறமாலைக் கோடுகள் ஐன்ஸ்டீன் சொன்ன அளவுக்குச் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கின்றனவா என்று அளந்துகொண்டிருந்தார். ஒளிவிலகலையும் தானே அளக்க வேண்டுமென்று 1922 செப்டெம்பர் 21ஆம் திகதி மறைப்புக்காக அவுஸ்திரேலியாவின் வொலால் கடற்கரைக்கும் போனார், கருவி ஒத்துழைக்கவில்லை. அதே கடற்கரையில் அமெரிக்காவின் லிக் வான்நோக்ககக் குழுவினர் எடுத்த படங்கள் 1919இன் முடிவை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தன.

அலன் ஆபிரகாம் அந்த 1922 யூலையில் மறைந்தார். செப்டெம்பரில் வொலால் மறைப்பு. ஒக்டோபர் 28இல், நான் முன்னே சொன்ன அந்தப் பயணி கொழும்பில் இறங்கினார்: ஜப்பானுக்குச் சென்றுகொண்டிருந்த அல்பேட் ஐன்ஸ்டீன். நோபல் பரிசுச் செய்தி அவரை எட்டச் சில வாரங்களே இருந்தன. கொழும்பு மக்களைப் பற்றி அவர் தம் நாட்குறிப்பில் எழுதிய சில வரிகள் 2018இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது பலருக்கு நெருடலாக இருந்தது, எனக்கும்தான். வெளியின் வளைவைக் கண்டவரின் கண்ணும் துறைமுகத்துக் கப்பற் பயணியின் கண்ணாகவே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் ஒருவர் அவரைச் சந்தித்திருந்தால் அந்தப் பக்கம் வேறுவிதமாக அமைந்திருக்குமோ என்று எண்ணிக்கொள்வதுண்டு.

பொதுச் சார்புக் கொள்கையில் பெரிதும் பேசப்படுவது வெளியின் வளைவு. நம் அன்றாடத்தைத் தொடுவதோ காலத்தின் வளைவு. உயரத்தில் உள்ள கடிகாரம் தாழ்விலுள்ளதை விட விரைவாக ஓடும். 1960இல் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகக் கட்டடக் கோபுரம் ஒன்றில் இதை நிறுவினார்கள். அக்கோபுரத்தில் அவர்கள் பயன்படுத்திய உயரம் 22.5 மீற்றர்; நன்றாக வளர்ந்த ஒரு பனை. நெடுந்தீவில் ஒரு பனை வட்டில் கட்டிய அணுக்கடிகாரம், அடியில் வைத்ததை விட ஆண்டொன்றுக்குச் சுமார் 70 நானோ விநாடி முந்தும். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோ விநாடி.

அப்படியானால் கடலின் மேல்? இங்கே ஒரு அழகான உண்மை இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் புவியீர்ப்பு குறைந்த ஒரு பெரும்பள்ளம் உண்டு. அங்கே சராசரிக் கடல்மட்டம், புவியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு கணித்த மட்டத்தை விட 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. அதன் சரிவு பாக்கு நீரிணை வரை எட்டுகிறது. திருத்த அட்டவணை இல்லாத ஒரு ஜி.பி.எஸ். கருவியைத் தீவகக் கடலில் பிடித்தால், தான் 90 மீற்றருக்கும் மேலாக நீருக்கடியில் இருப்பதாகச் சொல்லும். இருந்தும் தென்கடலின் அந்தப் பள்ளத்திலும் நயினாதீவுத் துறையிலும் கடல்மட்டத்தில் வைத்த கடிகாரங்கள் ஒரே வேகத்தில்தான் ஓடும். புவியின் சுழற்சியையும் ஈர்ப்பையும் சேர்த்துக் கணித்தால், கடல்மட்டம் என்பதே காலம் ஒரே சீராக நகரும் பரப்பு. நீர் தேடிக்கொள்ளும் மட்டமும் காலத்தின் மட்டமும் ஒன்று.

பேரண்டத்தின் கதை இதற்கு நேர்மாறு. பேரண்டத் தொடக்கத்தின் எஞ்சிய வெம்மையாகிய நுண்ணலைப் பின்னணியை 2000ஆம் ஆண்டளவில் பலூன்களாலும், பின்னர் பிளாங்க் போன்ற செய்மதிகளாலும் அளந்து, அறிவியலார் மிகப் பெரிய ஒரு முக்கோணத்தை வரைந்து பார்த்தார்கள். அதன் மிகை, அளவையின் நுட்பத்துக்குள், பூச்சியம். பேரண்டம் மொத்தத்தில் ஆயிரத்தில் சில பங்குத் துல்லியத்துக்குத் தட்டையானது. பாக்கு நீரிணையின் முக்கோணத்தில் தென்படும் வளைவு அந்தப் பெருமுக்கோணத்தில் இல்லை.

கோட்டுக்குத் திரும்புவோம். 1974இல் அந்தக் கோடு காகிதத்தில் மட்டுமே இருந்தது. புள்ளிகள் கடலில் உண்மையில் எங்கே இருக்கின்றன என்பதை இரு நாட்டு அளவையாளரும் தமக்குள் உடன்படும் ஒரு முறையால் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு கூறுகிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு நீண்டது. அதுவும் பெருவட்ட விற்களே. ஒரு சாதாரண கடற்றொழிலாளி அவ்வேளையில் அந்தக் கோட்டைக் காண வழியே இல்லை. நட்சத்திரமும் நீரோட்டமும் நீரின் நிறமும் அவனுக்குக் கரை எங்கே என்று சொல்லும். அகலாங்கின் கலையைச் சொல்லா.

கோட்டைக் காணும் கருவி 1977 யூன் 23ஆம் திகதி விண்ணுக்குப் போயிற்று. சீசியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்ற என்.டி.எஸ்-2 என்ற அந்த அமெரிக்கச் செய்மதி ஜி.பி.எஸ். அமைப்பின் முன்னோடி. அதைக் கட்டியவர்களில் சிலருக்கு ஐன்ஸ்டீனின் திருத்தம் உண்மையிலேயே தேவைப்படுமா என்ற ஐயம் இருந்தது. ஆகவே திருத்தியைப் பொருத்தினார்கள். ஆனால் இயக்காமல் அனுப்பினார்கள். இருபது நாள் பார்த்தார்கள். கடிகாரம் ஓர் இலட்சம் கோடியில் 442.5 பங்கு முந்தி ஓடியது; கொள்கை சொன்னது 446.5. பிறகு திருத்தியை இயக்கினார்கள். அறிவியல் வரலாற்றில் இத்தனை அமைதியாக முடிந்த விவாதங்கள் அதிகமில்லை.

இன்றைய ஜி.பி.எஸ். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்புக் குறைவால் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும், வேகத்தால் 7 பிந்தும், மிச்சம் 38. அந்நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றர் கடந்துவிடும். திருத்தாமல் விட்டால் செய்மதிக்கும் படகுக்கும் இடையிலான தூரக் கணக்கில் நாளுக்கு அவ்வளவு பிழை சேரும். நெடுந்தீவிலிருந்து எல்லைக்கோடு இருபது கிலோமீற்றர்தான் என்பதை நினைவிற் கொள்ளவும். எல்லாச் செய்மதிகளுக்கும் பொதுவான பிழையின் பெரும்பகுதி இறுதிக் கணக்கில் கழிந்துபோகும் என்று பொறியியலார் இடைமறிப்பார்கள், அது சரியே. ஆனால் கடிகாரத்தை நம்பமுடியாத அமைப்பை எவரும் கட்டமாட்டார்கள். ஆகவே தரையிலேயே அதன் அலைவெண்ணைக் குறைத்துவைத்து அனுப்புகிறார்கள்.

2000 மே மாதத்தில் அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. நூறு மீற்றர் அளவிலிருந்த தடுமாற்றம் பத்து, இருபது மீற்றராகச் சுருங்கிற்று. இராமேஸ்வரத்து விசைப்படகுகளில் சிறிய ஜி.பி.எஸ். பெட்டிகள் ஏறின. தீவகக் கடற்றொழிலாளருக்கோ போர்க்காலத் தடைகளால் கடலே அரிதாக இருந்தது. 2009இல் போர் முடிந்து அவர்கள் வலைகளோடு திரும்பியபோது, தங்கள் பக்கத்துக் கடலில் இரவு நேரங்களில் இழுவைப்படகுகளின் விளக்குகள் ஊர் போல எரிந்தன. அடிமடியோடு வாரும் அந்த இழுவையில் நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவுக் காரரின் வலைகள் அறுந்தன. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நெடுந்தீவுக்கு அருகில் தமிழகப் படகுகளைக் கடற்படை பிடித்தது என்ற செய்தி பத்திரிகையில் வராத மாதம் இல்லையென்றே ஆகிவிட்டது. பிடிபட்டவரும் வலையிழந்தவரும் ஒரே மொழியில் அழுகிறார்கள். கோட்டைத் தாண்டவில்லை என்பது ஒரு தரப்பு, தாண்டினார்கள் என்பது மறு தரப்பு. இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது ஐன்ஸ்டீன் திருத்திய கடிகாரங்களையே.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைவில் நின்று கோட்டையே சபிப்பது தமிழகத்து மேடைகளுக்கு எளிது. கோடு ஒன்று இல்லாவிட்டால் இன்று முதலில் அழிவது நெடுந்தீவுத் தொழிலாளியின் சிறு வள்ளம்தான். அதேபோல், கோடு துல்லியமானது என்பதாலேயே அதைத் தாண்டியவனை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைப்பது நீதியாகிவிடாது.

துல்லியம் என்றேனே, அதற்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. எவரெஸ்டின் 1830ஆம் ஆண்டு நீள்கோளத்தின் ஆரை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்கோளத்தின் ஆரையை விட 861 மீற்றர் குறைவு. இரண்டின் மையங்களும் ஒன்றல்ல. பழைய அளவைப்படியான அகலாங்கு நெட்டாங்குகளை மாற்றாமல் அப்படியே கருவியில் இட்டால், நம் கடலில் புள்ளி நூறு, இருநூறு மீற்றர் நகர்ந்துவிடும். பெருவட்டமா அடிமட்டக் கோடா என்ற வேறுபாடு 9 மீற்றர். எந்தப் புவி என்ற வேறுபாடு அதைப் போல இருபது மடங்கு. உடன்படிக்கையின் முதலாவது பிரிவு எந்த நீள்கோளம் என்று சொல்லவில்லை.

படகில் இருப்பவனுக்கோ இவையெல்லாம் திரையில் ஒரு மெல்லிய கோடு. வலை விரித்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் கண்ணயரும் ஐந்து மணி நேரத்தில், மணிக்கு ஒரு கடல் மைல் வேகமுள்ள நீரோட்டம் அவனை 9 கிலோமீற்றர் கொண்டுபோயிருக்கும்.